பின்வரிசைக்காரர்

“மூக்கைப் பார்த்தாலே தெரியல? எங்க பக்கத்து ஆளுதான்!”

“போங்க அண்ணி! அது எங்க அப்பா நெத்தி. உங்க பக்கம் யாருக்கு அவ்வளவு முடி இருக்கு?”

அப்பா வழி அத்தையும் அம்மா வழி மாமாவும் கூடத்துச் சுவருக்கு முன்னால், ஒரு பழைய படத்தைக் காட்டி மல்லுக்கு நின்றார்கள். அந்த வீட்டுப் பெண்ணான பல் டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. “வேலையத்துப் போய் செத்தவங்களைத் தேடுறா” என்று கேலி பேசிய சொந்தங்கள்தான், அவள் வரைந்து ஒட்டியிருந்த வம்சாவளியில் இன்று தங்கள் பெயர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

அதில், அவர்கள் சண்டை போட்ட அந்த ஒருவருக்கு மட்டும் இடமில்லை; யார் பிள்ளை என்றே தெரியவில்லை. கொள்ளுத்தாத்தாவின் கல்யாணப் படத்தில் பின்வரிசையில் நின்றவர், மாமா வீட்டுப் பழைய படங்களிலும், போன வருடம் எடுத்த அவளுடைய கல்யாணப் படத்திலும் அதே வயதில் நின்றார். முன்பல் உடைந்திருந்த விதம்கூட மாறவில்லை. பல் விஷயத்தில் அவள் கண் தப்பாது. அவரை விட்டுவிட்டால் பட்ட பாடெல்லாம் அரைகுறைதான் என்று அவளுக்கு உறுத்தியது. சொந்தங்களுக்கோ பயமே இல்லை.

“நம்ம வீட்டு விசேஷம் ஒண்ணைக்கூட மனுஷன் விடலை பாரேன்!” என்று பூரித்தாள் அத்தை.

“சண்டை போதும். எல்லாரும் சேர்ந்து நில்லுங்க, ஒரு படம் எடுத்துக்கறேன்.”

பல் டாக்டர் கைபேசியை உயர்த்தினாள். மாமாவின் தோளுக்குப் பின்னால் அந்த நெற்றி எட்டிப் பார்த்தது. உடைந்த பல் தெரிய, அவர் கூச்சத்தோடு சிரித்தார்.

“அம்மாடி, இந்தப் படத்துலயாவது என்னைக் கொஞ்சம் முன்னால நிக்க விடேன்.”