இன்னொரு கஸ்பர்

"உங்க பேரு கஸ்பர். மறந்துடாதீங்க சார்."

காரை ஓட்டிக்கொண்டே டென்ஸில் மறுபடியும் சொன்னான். தன் பேர் நோரிஸ் என்று சொல்லிப் பின்சீட்டில் ஏறியிருந்த பெரியவருக்கு வியர்த்துக் கொட்டியது. காலையில் கிரனடா துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பலை விட்டு இறங்கி, அரை நாள் தீவைச் சுற்றிப் பார்க்க இந்தக் காரைப் பிடித்தவர் அவர்.

"அருவி, மலை மேல ஏரின்னுதானேப்பா பேச்சு? இது என்ன புதுசா?"

"அருவியைக் காட்டிட்டேன். ஏரி எங்கயும் ஓடிப்போகாது சார். எங்கம்மா அப்படியில்ல. நாலு நாளா வெறும் கஞ்சித் தண்ணியோட கிடக்கிறா. கண்ணும் போயிடுச்சு. 'கஸ்பர் வந்தானா, கஸ்பர் வந்தானா'ன்னு ஒரே புலம்பல். எங்க அண்ணன் வயசுதான் உங்களுக்கும். கொஞ்ச நேரம் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க, போதும். சாப்பிட்டுடுவா."

"கண்ணு தெரியாதவங்களைப் போய் ஏமாத்தறதா?"

"பாவம்தான். அதுக்காக சாக விடச் சொல்றீங்களா? இதுக்கு முன்னாடியும் கப்பல்ல வந்த ரெண்டு பேரைக் கெஞ்சிக் கூட்டிட்டுப் போயிருக்கேன். ரெண்டு தடவையும் எழுந்து உக்காந்து சாப்பிட்டா."

"எனக்கு உங்க ஊர் வழக்கம் எதுவும் தெரியாதேப்பா. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் லண்டன்."

"தெரிய வேணாம். வாயைத் திறக்காம இருங்க, அது போதும்."

கடலோர வளைவில் டென்ஸில் ஹாரனை அழுத்தினான். நோரிஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நிஜமான கஸ்பர் என்ன ஆனான்?"

கேட்டதுதான் தாமதம், டென்ஸிலுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"இங்கிலாந்து போனான். அப்ப நான் பொடிப் பய, அவன் மூஞ்சிகூட ஞாபகம் இல்ல. போன புதுசுல கிறிஸ்துமஸுக்கு பீப்பாய் நிறைய துணி, சோப்பு, பால் பவுடர்னு அனுப்பினான். அப்புறம் பீப்பாயும் இல்ல, கடுதாசியும் இல்ல. அப்பா செத்தப்ப ரேடியோ சாவு அறிவிப்புல 'இங்கிலாந்தில் வசிக்கும் மூத்த மகன் கஸ்பர்'னு அவன் பேரைத்தான் முதல்ல படிச்சாங்க. தீவே கேட்டுச்சு. பய வரலையே! 'என் சாவுக்கு அவன் பேரைப் படிக்கிறதுக்குள்ள ஒரு தடவை அவனைத் தொட்டுப் பாத்துடணும்'னு அம்மா கிடந்து தவிக்கிறா. நேர்ல மட்டும் வரட்டும், செருப்பாலயே அடிப்பேன்!"

நோரிஸ் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "சரி, ஓட்டு" என்றார்.

மீனவர் குடியிருப்பில் கடைசி வீடு. கட்டிலில் அம்மா யூலாலி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அம்மா, யாரு வந்திருக்கா பாரு! கஸ்பர்!"

கிழவி திரும்பிக் கையை நீட்டினாள். நோரிஸ் பக்கத்தில் உட்கார்ந்து தன் கையைக் கொடுத்தார். அவள் அவருடைய விரல்களைத் தடவினாள், மணிக்கட்டைத் தடவினாள், காது மடலைப் பிடித்துப் பார்த்தாள்.

"வந்தவனை வெறுந்தொண்டையோடவா உக்கார வெப்பே? ரம்மை ஊத்துடா" என்றாள் கிழவி.

டென்ஸில் கொடுத்த தம்ளரை நோரிஸ் வாங்கி, வாசற்படிப் பக்கம் நாலு சொட்டு தெளித்துவிட்டுக் குடித்தார். போய்ச் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்காமல் அந்தத் தீவில் யாரும் வாய் வைப்பதில்லை. 'மனுஷன் என்னமா நடிக்கிறார்! மத்த ரெண்டு பேருக்கும் இது தெரியலையே' என்று டென்ஸில் பூரித்துப் போனான்.

தேங்காய்ப் பாலில் வெந்த சீமைப்பலாவை நோரிஸே பிசைந்து ஊட்டினார். கிழவி ஒரு வாய்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. நோரிஸின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

"சார், கப்பல்!" என்று டென்ஸில் காதோடு சொன்னான். அவர் எழுந்திருக்கவில்லை. கிழவியின் விரல்களை டென்ஸில்தான் மெதுவாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது. "ஊரைச் சுத்திக் காட்டிட்டு வரேம்மா" என்று ஒரு பொய்யைச் சொல்லி அவரைக் கிளப்பிக்கொண்டு போனான்.

வழியெல்லாம் நோரிஸ் அழுதார். டென்ஸிலுக்கே சங்கடமாகப் போய்விட்டது.

"நீங்க ஏன் சார் அழறீங்க? பெத்த புள்ளைக்கே இல்லாத ஈரம் உங்களுக்கு இருக்கு. அந்தக் கஸ்பர் பயலுக்கு நீங்க எவ்வளவோ மேல்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் துறைமுக வாசல் வந்துவிட்டது, காவலாளி சீக்கிரம் வரச்சொல்லிக் கையாட்டினான். டென்ஸிலின் தலையில் ஒரு நிமிஷம் கையை வைத்துவிட்டு இறங்கி, திரும்பிப் பார்க்காமல் போனார்.

டென்ஸில் வீடு திரும்பியபோது கிழவி கட்டிலில் இல்லை. சுவரைத் தடவித் தடவி உள்ளறைக்குப் போய், அங்கிருந்த கட்டிலுக்குச் சலவை விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"எங்கடா அவன்?"

"கப்பலுக்கு நேரமாயிடுச்சும்மா. கஸ்பர் அடுத்த வருஷம் வரேன்னு..."

கிழவியின் கை விரிப்பின் மேல் அப்படியே நின்றது.

"முன்னாடி வந்த ரெண்டு பேரு போனப்ப நான் ஏதாவது கேட்டேனாடா? யாரு பெத்த புள்ளைங்களோ, நீ இவ்வளவு பாடுபடறியேன்னுதான் ரெண்டு வாய் சாப்பிட்டேன்."

டென்ஸில் அவள் தோளைப் பிடித்தான். "அம்மா..."

"இன்னிக்கு என் புள்ள நிஜமாவே வந்தானேடா, அவனை ஏன் திருப்பி அனுப்பினே?"