காகிதம் உடுத்திய மாப்பிள்ளை

"இந்த ஒசாகா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் என்னை மாதிரி எளிமையான மனுஷன் ஒருத்தன் கிடைக்கமாட்டான்" என்றார் எண்ணெய் வியாபாரி கஹேய். சிரிக்காமல்தான் சொன்னார்.

எளிமைக்கு அடையாளமாக உடம்பில் காகித அங்கி. வடக்கே ஷிரோயிஷியிலிருந்து தருவித்தது. அந்த விலைக்கு மூன்று பட்டு அங்கி வாங்கலாம்.

"நொடிச்சுப்போனவங்கதாம்பா காகிதம் கட்டுவாங்க. ஊரே சிரிக்குது" என்றாள் மகள் ஒமினே.

"சிரிக்கட்டும். பட்டு உடுத்துறவன் புழுவோட எச்சிலைக் கட்டிக்கிறவன். போன மாசம் பட்டுல மினுக்கிக்கிட்டு வந்த வரனை வாசலோட அனுப்பிட்டேன்ல? இன்னிக்கு வர்ற கியோத்தோ பையனாவது விவரம் தெரிஞ்சவனான்னு பார்ப்போம்."

பேசி வாய் மூடவில்லை, வாசலில் ஓர் இளைஞன் வந்து குனிந்து வணங்கினான். கஹேய் துள்ளி எழுந்தார்.

அவன் உடம்பிலும் காகித அங்கி! முழங்கையில் ஒட்டு, தோளில் ஒட்டு, அடுப்புப் புகையேறிய பழுப்பு.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க!"

"ஐயா, நான்..."

"மூச்! முதல்ல சாப்பாடு, அப்புறம்தான் பேச்சு."

சுட்ட மீனும் சூடான சோறும் வந்தன. அதற்குப் பிறகு அவன் தலை நிமிரவில்லை.

ஒமினே அப்பாவைத் தூணருகே இழுத்துப்போனாள். "உங்க கிறுக்கு தெரிஞ்சு வேஷம் கட்டிட்டு வந்திருக்கார்ப்பா. முதல் நாளே இவ்வளவு பொய்யா? காலம் பூரா நான் எப்படி இவரோட குடும்பம் நடத்துறது?"

"வேஷமா? அவர் சாப்பிடுற அழகைப் பாரும்மா! மூணு நாள் பட்டினி கிடந்தவன் தோத்தான். என்ன ஒரு ரசனை!"

ஒமினேவுக்குக் கண் கலங்கியது. கஹேய் பார்க்கவில்லை. கடை ஆட்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு நிறுத்தி, கிண்ணத்தில் சாக்கே மது ஊற்றி இளைஞனிடம் நீட்டினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. என் பொண்ணு இவருக்குத்தான். இது கஹேயோட வாக்கு."

இளைஞன் கடைசிக் கவளத்தை விழுங்கிவிட்டு நெற்றி தரையில் பட வணங்கினான்.

"ரொம்பப் பெரிய மனசு முதலாளி. பழைய காகிதம் ஏதாச்சும் விலைக்குக் கிடைக்குமான்னு கேட்கத்தான் வந்தேன்."

கஹேய் எழுந்து உள்ளே போனார். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பின்னாலேயே, பட்டு சரசரக்கிற சத்தம்.