பூவின் நடுவில் ஒரு சிவப்பு

"லைற்றை நேரா பிடியும், வசந்தமலர்! என்னத்துக்கு அங்கால இங்கால ஆட்டுறீர்?"

வீட்டுக்கார யோகலிங்கம் அதட்டினார். அந்தக் குட்டி வாஷ்ரூமில், பேசினுக்கும் கதவுக்கும் நடுவே வேலைக்காரி வசந்தமலர் நெருக்குப்பட்டு நின்றாள். வெளியே போகவும் வழியில்லை, வாயைத் திறக்கவும் வழியில்லை.

சுவர் முழுக்கத் துருக்கியின் ஓட்டோமன் காலத்துப் பழைய டைல்கள். நீல இலைகளுக்கு நடுவே டியூலிப்பும் கார்னேஷனுமாகப் பூத்துக் கிடந்தன. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் வேறு எவரிடமும் இது கிடையாது என்று மனிதருக்கு ஒரே பெருமை. "அதில தண்ணி தெறிச்சாலும் உமக்கு வேலை இல்லை" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வேலை போனால் மாடியில் அவள் படுக்கிற அறையும் போய்விடும்.

டைல்களைப் பார்க்கப் பழம்பொருள் நூதனசாலையிலிருந்து ஹெலன் வந்திருந்தாள். செம்பட்டை முடி, பூனைக்கண். யாரும் சொல்லாமலே சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்தவள், பூதக்கண்ணாடியும் கையுமாகச் சுவரை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

யோகலிங்கம் ஆங்கிலத்தில் அளந்தார். அசல் டைல் என்றால் சிவப்பு மேடாக நிற்குமாம். இந்தக் கார்னேஷனின் நடுவில் உள்ள சிவப்புப் புள்ளியைத் தடவிப் பார்க்கட்டுமாம். இவ்வளவு நாளும் கண்ணில் படாமல் இன்று காலைதான் பட்டதாம்!

அந்தப் புள்ளி எப்படி வந்ததென்று வசந்தமலருக்குத்தானே தெரியும்.

"சேர், நான் போய் தேத்தண்ணி போடட்டே?"

"பேசாமல் நில்லும்! வெள்ளைக்காரிக்கு முன்னால என்ர மானத்தை வாங்காதையும்."

ஹெலன் அந்தப் புள்ளியை உற்றுப் பார்த்தாள். பிறகு திரும்பி வசந்தமலரின் முகத்தைப் பார்த்தாள். முடிந்தது கதை. இனி எங்கே போய் நிற்பது, பிள்ளையாரே!

ஹெலன் நகத்தால் மெல்லச் சுரண்டினாள். புள்ளி கையோடு வந்துவிட்டது.

"ஐயோ!" என்று அலறினார் யோகலிங்கம்.

வெறும் அழுக்கு என்றாள் ஹெலன், ஆங்கிலத்தில். டைல்கள் அசல்தான், கண்காட்சிக்குக் கேட்போம் என்றும் சொன்னாள்.

யோகலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. தமையனுக்குச் சொல்வதற்குப் போனை எடுத்துக்கொண்டு ஹோலுக்கு ஓடினார்.

வசந்தமலர் கைவிளக்கை இன்னும் இறக்கவில்லை. ஹெலன் அவளுடைய மற்றக் கையைப் பிடித்து, உள்ளங்கையில் எதையோ வைத்தாள்.

"இந்தாங்கோ அன்ரி, உங்கட பொட்டு. என்ர அம்மாவும் முகம் கழுவேக்க சுவரில ஒட்டிப்போட்டு மறந்திடுவா."