ரெண்டு மிதி

நீலகிரியில் பிக்கட்டிக்கு மேலே, தேயிலை பேக்டரி முற்றத்தில் புதுசும் பழசுமாய் இரண்டு லாரிகள் பள்ளத்தைப் பார்த்து நிற்கின்றன. மூடுபனி விலகுவதும் மூடுவதுமாக இருப்பதால் கண்ணாடிகளில் வெயில் வந்து வந்து போகிறது. இலை நிறுக்கும் வேணி லாரி ஓட்டப் பழக வந்திருக்கிறாள்; ஸ்வெட்டரின் கடைசிப் பொத்தானைப் போடுகிறாள், கழற்றுகிறாள், மறுபடி போடுகிறாள். டிரைவர் ஞானசேகரன் இரண்டு சாவிகளையும் பானெட்டின் மேல் வைக்கிறார்.

"எதுல பழகறீங்க வேணி? புதுசுல கியர் வெண்ணெயாட்ட விழுகும். பழசுல ஒவ்வொரு கியருக்கும் கிளட்ச்சை ரெண்டு தரம் மிதிக்கோணும். எறக்கத்துல தப்புனா கியர் நியூட்ரல்லயே நின்னுக்கும். அப்புறம் வண்டி நம்ம பேச்சைக் கேக்காது."

"புதுசுல பழகுனா எல லோடுக்கு உடுவாங்களாங்க?"

"அது கோயமுத்தூர் போற வண்டிங்க, அதுக்கு ஆளிருக்கு. எல எடுக்கப் பழசுதான்."

போன மழையில் கியர் பிடிபடாமல் ஒரு டிரைவர் பழைய லாரியோடு தேயிலைக்குள் இறங்கிய மூன்றாவது வளைவு இங்கிருந்தே தெரிகிறது. செடிகள் இன்னும் ஒடிந்தே கிடக்கின்றன. வேணி அந்தப் பக்கம் பார்க்கிறாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எடைமேடையருகே கூடையோடு நிற்கும் பெண்கள் இவளையே பார்க்கிறார்கள். புதுச் சாவி மினுங்குகிறது. பழையது நூல் கட்டிக் கறுத்திருக்கிறது. அவள் கை இரண்டுக்கும் போகவில்லை. "சொல்றனுங்க" என்கிறாள். சேலைக் கரைக்குக் கீழே, ரப்பர் செருப்புப் போட்ட இடது கால் மட்டும் ஈர மண்ணை மிதிக்கிறது, விடுகிறது, மறுபடி மிதிக்கிறது. ஞானசேகரன் அந்தக் காலைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார். பிறகு புதுச் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்.