பௌலூசி மாமாவின் சர்வீஸ்

சுரங்கத் தூசி ஊராரின் உடம்பை என்ன செய்கிறது என்று ஆராயும் நிவியாக், உல்லூரியாக் தன் குழந்தைக்காக நிரப்பிய படிவத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏண்டி, நாலு மாசக் குழந்தைக்கு இருபத்திரண்டு வருஷ சுரங்க சர்வீஸா?"

"அப்பா அத்தனை வருஷம் பாத்தாரே, மறந்துட்டியா?"

போன வருடம் இருமி இருமிச் செத்த பௌலூசியின் பெயரைத்தான் குழந்தைக்கு வைத்திருந்தார்கள். அந்த வடதுருவ ஊர் வழக்கப்படி பெயரோடு உறவும் வந்துவிட்டது. பெற்றவளுக்கு அது அப்பா, நிவியாக்குக்கு மாமா.

நிவியாக் இருபத்திரண்டை அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டாள்.

"சோதனைக்குக் குழந்தையோட முடி கொஞ்சம் வெட்டிக்கவா?"

உல்லூரியாக் புருவத்தை உயர்த்தினாள். இந்த ஊரில் ஆமாம் சொல்ல அது போதும்.

ஆய்வகம் இரண்டு முறை சோதித்தது. முடியில் இருபத்திரண்டு அல்ல, இருபத்து மூன்று வருடத் தூசி.

நிவியாக்குக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுபடி போய், தாயின் மேலங்கி முதுகுப் பைக்குள் கிடந்த குழந்தையிடம் குனிந்தாள்.

"மாமா, இன்னும் வேலைக்குப் போறீங்களா?"

குழந்தை புருவத்தை உயர்த்தியது.