எட்டில் இரண்டு

அந்த ஃபைலைக் காணவில்லை.

ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. யாரோ ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தி வழித்துத் துடைத்திருந்தார்கள்.

"அதுவா? நான்தான் டெலிட் பண்ணேன்," என்றான் கணவன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரே ஃபைலு, அம்பது ஜிபி அடைச்சுட்டுக் கெடந்துச்சு. பாப்பா காதுகுத்து வீடியோ ஏத்த எடமில்ல. எது பெருசுன்னு பாத்தேன், தூக்கிட்டேன்."

ஒரே ஃபைலாம்.



அந்த ஒரு ஃபைலுக்குள் முழுசாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. லேப்டாப் ஒன்றுதான். அதில் அவனுடைய விண்டோஸ். அதற்குள்ளேயே, தனித்தனி ஜன்னல்களில், அவளுடைய இரண்டு லினக்ஸ் கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றும் ஒரு ஃபைலில். ஒன்று கேட்கும், மற்றது பதில் சொல்லும். மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும். பாப்பாவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, குக்கர் விசிலுக்கு ஒரு காதைக் கொடுத்துக்கொண்டு, நான்கு மாதம் உட்கார்ந்து கட்டியது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு இன்டர்வியூ. இந்த இரண்டையும் ஓட்டிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். வேலையை விட்டு ஆறு வருடம் கழித்து வந்த முதல் அழைப்பு.

இன்று சனிக்கிழமை.

பதில் சொல்வது போய்விட்டது. கேட்பது மட்டும் திரையில் ஒற்றையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"மறுபடி போட்டுக்கலாமில்ல?" என்றான் அந்த மகராசன்.

வாயைத் திறந்தால் பக்கத்து ஃப்ளாட் வரை கேட்கும்.

பாப்பாவின் பழைய ரஃப் நோட்டை எடுத்தாள். போட்ட கமாண்ட் எல்லாவற்றையும் பேனாவால் அதில் எழுதி வைத்திருந்தாள். இந்த வீட்டில் எதுவும் வைத்த இடத்தில் இருக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

புதிதாக ஆரம்பித்தாள். இது ஓடும்போது எவ்வளவு ராம் மெமரி வேண்டும் என்று லேப்டாப் கேட்டது.

மொத்தம் எட்டு ஜிபி. போன தடவை தன் இரண்டுக்கும் சேர்த்து இரண்டே ஜிபி எடுத்துக்கொண்டாள். அவனுடைய விண்டோஸ் திணறிவிடக் கூடாதே என்று. யாரும் சொல்லவில்லை, தானாகவே ஒதுங்கிக்கொண்டாள். அதை நினைத்தபோது அவன் மேல் வந்ததைவிடத் தன் மேல்தான் கோபம் கூடுதலாக வந்தது.

அளவுக்கோட்டைப் பிடித்து இழுத்தாள். பச்சை முடிந்து சிவப்பு வந்தது. அவள் நிறுத்தவில்லை. அவளுக்கு ஆறு. மிச்சம் அவனுக்கு.

ஞாயிறு மாலை அவன் லேப்டாப்பில் காதுகுத்து வீடியோவைப் போட்டான். மாமன் மடியில் பாப்பா. ஆசாரி ஊசியைக் கொண்டுபோன இடத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது.

"ஏன் இப்படித் திணறுது?"

"இனிமே அப்படித்தாங்க இருக்கும்."

பின்னாலிருந்த ஜன்னல்களில் ஒன்று கேட்டது.

மற்றது பதில் சொன்னது.