ஜெரூஷாவின் மிச்சம்

"முழுசா அடக்கம் பண்ணாத புள்ளைக்கு..." என்று பெரியப்பா ஆரம்பித்தது மட்டும்தான் எலியேசருக்கு ஞாபகம். மீதி காதில் விழவில்லை.

மகள் ஜெரூஷா ஆஸ்துமாவில் போய் ரெண்டு மாதம். ஆஸ்பத்திரியில் அவள் மூச்சுக்குழாயிலிருந்து ஒரு துண்டை ஆராய்ச்சிக்குக் கேட்டார்கள். சரி என்றவர் எலியேசர்தான். அன்றிலிருந்து பொழிச்சலூர் சொந்தங்கள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"அறுக்கக் குடுத்தீங்கல்ல, நீங்களே போய் வாங்கிட்டு வாங்க," என்றாள் மனைவி பியூலா. "அவகூடவே புதைச்சிடலாம்."

தாம்பரம் ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் தேவதர்ஷினி மறுக்கவில்லை.

"உங்க பொண்ணோடது சார், கேட்டா குடுத்துடுவோம். ஒரு தடவை பார்த்துடுங்க."

மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். காற்றில் நாற்று சாய்வது போல எதுவோ அசைந்தது.

"ஆடுதே, மேடம்?"

"மூச்சுக்குழாயோட உள்தோல் சார். தூசியை வெளிய தள்ற குட்டி முடிங்க. சத்துத் தண்ணியில வச்சு வளர்க்கறோம், உயிரோடதான் இருக்கு."

அவர் தலையை எடுக்கவில்லை.

"இதுக்கு என்னதான் வியாதி?"

"ரொம்பப் பயந்த சுபாவம் சார். சாதாரண வீட்டுத் தூசியைப் பார்த்தே கூப்பாடு போடும். அதைக் கேட்டு ரத்தத்துல இருக்கற செல்லெல்லாம் ஓடிவந்து, மூச்சுக்குழாயையே வீங்க வச்சிடும். இதை எப்படி அமைதியா வைக்கறதுன்னுதான் பார்க்கறோம்."

"எப்படிப் பார்ப்பீங்க?"

டாக்டர் தயங்கினார். "கொஞ்சம் தூசி போட்டு."

எலியேசர் நிமிர்ந்தார். "மறுபடியுமா?"

"அதுக்கு வலிக்காது சார்."

"அவளும் அப்படித்தான் சொல்லுவா. மூச்சு வாங்கிட்டே, 'வலிக்கலப்பா'ன்னு."

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"தனியாவா இருக்கும் இது?" என்றார் எலியேசர்.

"இல்ல சார். அலர்ஜி இல்லாத ஒருத்தரோட செல்லைப் பக்கத்துத் தட்டுல வச்சு, ரெண்டுக்கும் ஒரே தூசியைப் போடணும். அப்பதான் வித்தியாசம் தெரியும். ரத்த சொந்தம்னா இன்னும் நல்லது. நெஞ்சுக்குள்ள குழாய் விட்டு எடுக்கணும்ங்கறதால யாரும் வரமாட்டாங்க."

போன் அடித்தது. பியூலா.

"வாங்கிட்டீங்களா?"

"இல்ல பியூலா. அவகூட ஒரு ஆள் இருக்கணுமாம்."

திங்கட்கிழமை எலியேசர் வெறும் வயிற்றோடு வந்து, தனக்கு அலர்ஜி எதுவும் இல்லை என்று எழுதிக்கொடுத்து, தன் மூச்சுக்குழாயிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிப் படுத்தார்.